கேட்கலை சார்!

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே எழுந்துவிடும் ஆசாமிகள் இரண்டே பேர். ஒருவன் நான். (குடத்தை வரிசையில் வைக்கும் இலாகா என்னுடையது.) இன்னொருவன் எதிர்ப் போர்ஷன் தம்பி. இந்த வருஷம் பி.காம். முடித்தவன். மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது, பழநிக்குப் பாத யாத்திரைக்கு ரிகர்சல் பார்க்கிறான் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

போன வாரம் கிட்டப் போய்க் காதைக் கொடுத்தேன்.

"பெர்ஸ்பிகேஷியஸ்... கூர்மதியுள்ள... யூபிக்விட்டஸ்... எங்கும் நிறைந்த..."

"என்னப்பா இது?"

"இங்கிலீஷ்ணே! ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. மூணு மாசமா ஒரு நாள்கூட விடலை."

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? பத்து இன்ட்டு தொண்ணூறு, தொள்ளாயிரம். மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டேன். பையனுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. ஏற்கெனவே இரண்டு இன்டர்வியூவில் 'அப்புறம் சொல்லியனுப்புகிறோம்' ஆகிவிட்டது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மூன்றாவதும் போனால் பையனும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு அடிபடுகிறது.

"சரி, இப்ப நான்தான் மேனேஜர். உட்காரு" என்று தண்ணீர்த் தொட்டித் திட்டைக் காட்டினேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே கேட்டேன்: "ஹௌ டிட் யூ கம் ஹியர்?"

"யெஸ் சார்" என்றான்.

"எப்படி வந்தேன்னு கேட்டா யெஸ்ஸா?"

தலையைச் சொறிந்தான். "சரியாக் கேட்கலைண்ணே."

"கேட்கலைன்னா 'கேட்கலை'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அப்படிச் சொன்னா இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சுடுவாங்களேண்ணே!"

சிரித்திருக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்த 'யெஸ் சார்' எனக்குப் பழைய சிநேகிதர். 2012-ல் என் சம்பளத்தில் கை வைத்தவர்.

* * *

நான் தமிழ் மீடியம். பத்தாம் கிளாஸ் வரை எங்கள் ஊரில் இங்கிலீஷ் என்பது காதால் கேட்கிற சமாசாரம் இல்லை, கண்ணால் பார்த்துக் கையால் எழுதுகிற சமாசாரம். பாடப் புத்தகத்தில் இருக்கும், கேள்வித்தாளில் வரும், மார்க் ஷீட்டில் முப்பத்தைந்தாகக் காட்சி தரும். அதைப் பேசவும் செய்வார்கள் என்பது ஒரு வதந்தி மாதிரிதான்.

காலேஜ் முடித்ததும், பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய 'முப்பதே நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அதில் சலவைக்காரரிடம் எப்படிப் பேசுவது, டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. எங்கள் ஊர்ச் சலவைக்காரரிடம் போய் இங்கிலீஷில் பேசியிருந்தால் இருந்த இரண்டு சட்டையும் திரும்பி வந்திருக்காது. இருந்தாலும் முப்பது நாளும் படித்தேன். வார்த்தைகள் சேர்ந்தன. பாங்கில் பணம் சேருகிற மாதிரி சேர்ந்தன. எடுத்துச் செலவழிக்கத்தான் செக் புக் இல்லை!

அம்மாவின் இரண்டு பவுன் செயினை அடகு வைத்து சென்னைக்கு வந்து, பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். பேக்கிங் டேப் மொத்த வியாபாரம். சம்பளம் ஏழாயிரம். ஆறு மாதம் பிரோபேஷன். கன்ஃபர்ம் ஆனால் ஒன்பதாயிரம். கன்ஃபர்ம் ஆன மாதமே செயினை மீட்டுவிடுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

வேலை பிடித்திருந்தது. டெபிட், கிரெடிட் இரண்டும் இங்கிலீஷாக இருந்தாலும் வாயைத் திறந்து பேசாத இங்கிலீஷ். ஒரே எதிரி மேஜைமேல் இருந்த டெலிபோன். அது அடித்தால் எனக்கு உடனே பாத்ரூம் வந்துவிடும். ஐந்தாவது மாதம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியான வேளையில் அது அடித்தது. பாத்ரூமில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் எடுத்துத் தொலைத்தேன்.

பெங்களூர் பார்ட்டி. இங்கிலீஷ் மெயில் டிரெயின் வேகத்தில் வந்தது, சின்ன ஸ்டேஷன் எதிலும் நிற்காமல். நடுவில் டேப், கார்ட்டன், அர்ஜென்ட் ஆகிய மூன்று ஜங்ஷன்கள் மட்டும் தெரிந்தன. மற்ற இடங்களில் எல்லாம் "யெஸ் சார்... ஓகே சார்... யெஸ் சார்" என்று பச்சைக் கொடி காட்டிக்கொண்டே இருந்தேன். "தாங்க் யூ" என்று வைத்துவிட்டார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆர்டர் புக்கைத் திறந்தேன். பேனா ஒரு நிமிஷம் நின்றது. அவர் சொன்னது ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?

இங்கேதான் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பல வருஷம் யாரிடமும் சொல்லாதது. நான் தப்பாகக் கேட்டேன் என்றுதான் ஆபீஸில் எல்லாரும் நினைத்தார்கள். அப்படியில்லை. எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நம்பர் எதிரிலேயே இருந்தது. திருப்பிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், 'இவனுக்கு இங்கிலீஷ் வராது' என்று ஊருக்கே தெரிந்துவிடுமே! பெரிய ஆர்டர் என்றால் மேனேஜர் சந்தோஷப்படுவார் என்று ஒரு அல்ப ஆசை வேறு.

50 என்று எழுதினேன்.

நாலாம் நாள் பெங்களூரிலிருந்து மறுபடி மெயில் டிரெயின். இந்தத் தடவை மேனேஜரே எடுத்தார். கேட்டது பதினைந்து கார்ட்டன். லாரியில் போய் இறங்கியது ஐம்பது. மிச்சம் முப்பத்தைந்தும் அடுத்த லாரியில் எங்கள் செலவில் திரும்பி வந்தது. வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கூட்டி, என் சம்பளத்தில் இரண்டு தவணையாகப் பிடித்தார்கள். பிரோபேஷன் இன்னும் ஆறு மாதம் நீண்டது.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என்னை நிற்க வைத்து, நிதானமாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, அவர் சொன்னது உனக்குக் கேட்கலையா?"

"கேட்கலை சார்."

"கேட்கலைன்னா ஏம்ப்பா கேட்கலை?"

தமிழ் எப்பேர்ப்பட்ட பாஷை பாருங்கள்! காதில் விழுவதற்கும் 'கேள்', வாயைத் திறந்து விசாரிப்பதற்கும் 'கேள்'. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்று என்றைக்கோ நம்மவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நான்தான் முதல் பாதி வராதபோது இரண்டாவது பாதியையும் விட்டுவிட்டேன்.

அந்த மாசம் வீட்டுக்குப் போனபோது கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போட்டிருந்த அம்மா, செயினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் 'கேட்கவில்லை' இன்னும் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

* * *

எங்கள் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்க ஒரு பெரியவர் இருந்தார். படிப்பு எட்டாம் கிளாஸ். முப்பது வருஷ சர்வீஸ். பம்பாய், டெல்லி, கல்கத்தா எல்லா ஊர்ப் பார்ட்டிகளிடமும் இங்கிலீஷில்தான் பேசுவார். என்ன இங்கிலீஷ்! "கூட்ஸ் டன் சென்ட் சார். டுமாரோ கம்மிங் சார்." நாங்கள் பட்டதாரிகள் நாலு பேர் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்போம்.

சம்பளம் பிடித்த மாசம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த முப்பது வருஷத்தில் அவர் அனுப்பிய சரக்கு ஒன்றுகூட எண்ணிக்கை தப்பித் திரும்பி வந்ததில்லை!

ரகசியம் என்னவென்று அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். எதிர்முனையில் யாரோ வேகமாகப் பொழிந்தார்கள். பெரியவர் அசரவில்லை.

"ஸ்லோலி சார்... ஒன் ஃபைவ்வா, ஃபைவ் ஜீரோவா சார்? ஒன் ஃபைவ். ஓகே. நான் படிக்கிறேன் கேளுங்க சார்... ஒன் ஃபைவ் கார்ட்டன், டூ இன்ச், பிரௌன் கலர். கரெக்ட்டா சார்?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நமக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் கொஞ்சம். அதனால நாமதான் ரெண்டு தடவை கேட்கணும். நிறையத் தெரிஞ்சவன் ஒரு தடவை கேட்டா போதும். நீங்க கொஞ்சமும் தெரிஞ்சுக்காம, ஒரு தடவையும் கேட்காம இருக்கீங்க!"

அவருடைய 'டன் சென்ட்'டுக்கு ஒரு சரித்திரமே உண்டு என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. 1886-ல் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்று ஒரு அகராதி வந்தது. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் வாயில் புழங்கிய சொற்களின் தொகுப்பு. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அதில் 'பட்லர் இங்கிலீஷ்' என்று தனியாகவே ஒரு பதிவு. மதராஸ் ராஜதானியில் துரைமார் வீட்டு வேலைக்காரர்கள் பேசிய இங்கிலீஷ் அது. 'ஐ டெல்லிங்' என்றால் 'சொல்லப் போகிறேன்'. 'ஐ டன் டெல்' என்றால் 'சொல்லிவிட்டேன்'. இலக்கணத்தைப் பார்த்துத் துரைமார்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேளாவேளைக்கு மேஜையில் சாப்பாடு வந்ததென்னவோ அந்த இங்கிலீஷை நம்பித்தான்!

* * *

பெரியவர் டெஸ்பாட்ச் மேஜையில் செய்ததைத்தான் ஆகாயத்தில் விமானிகள் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? கன்ட்ரோல் டவர் கொடுக்கும் முக்கியமான உத்தரவை விமானி அப்படியே திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். புரியாவிட்டால் "ஸே அகெய்ன்" என்று கேட்க வேண்டும். இது கௌரவப் பிரச்னை இல்லை, சர்வதேச விதி. எண்களைக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் படிப்பார்கள். ஒன்பதை 'நைன்' என்று சொல்லாமல் 'நைனர்' என்பார்கள், வேறு எண்ணோடு குழம்பக் கூடாது என்று.

இந்தக் கறாருக்குப் பின்னால் கண்ணீர் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டின் டெனரிஃப் தீவில், மூடுபனி சூழ்ந்த ரன்வேயில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டார்கள். விமான சரித்திரத்திலேயே மிகப் பெரிய விபத்து இன்றைக்கும் அதுதான். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அரைகுறையாகப் புரிந்த ஒரு வாக்கியம். டச்சு விமானி, கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்ற அர்த்தத்தில், "வீ ஆர் நௌ அட் டேக் ஆஃப்" என்றார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று டவரில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். "ஓகே" என்றார். அடுத்து அவர் சொன்னது ரேடியோ இரைச்சலில் அடிபட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே அந்த நேர அனுமதிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

பழம் தின்று கொட்டை போட்ட விமானிகளே ஒரு 'ஓகே'யை நம்பக் கூடாதென்றால், பேக்கிங் டேப் ஆசாமி நம்பலாமா?

சரி, என் ஃபிஃப்டீனுக்கு வருகிறேன். தனியாகச் சொல்லும்போது சிக்கலில்லை. ஃபிஃப்டீனில் அழுத்தம் பின்னால், 'டீன்' மேல் விழும். ஃபிஃப்டியில் முன்னால் விழும். 'டி' குட்டையாகி ஓடிவிடும். ஆனால் 'ஃபிஃப்டீன் கார்ட்டன்ஸ்' என்று சேர்த்துச் சொன்னால் வந்தது வினை. பதினைந்தின் அழுத்தமும் முன்னால் ஓடி வந்துவிடும்! பிறகு வித்தியாசம் என்று மிஞ்சுவது ஒரு நெடிலும் ஒரு 'ன்'னும்தான். என் முப்பத்தைந்து கார்ட்டனும் அந்த ஒற்றை மெய்யெழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தர்ட்டீன், தர்ட்டி... சிக்ஸ்டீன், சிக்ஸ்டி... எல்லாம் இந்த ஜாதிதான். இங்கிலீஷ்காரர்களே இதில் தடுக்கி விழுந்து, "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் வெட்கப்படுவதில்லை.

இன்னொன்று, அவர்கள் வார்த்தை வார்த்தையாகப் பேசுவதில்லை. ஒட்டிப் பேசுகிறார்கள். 'வாட் டூ யூ வான்ட்' என்று புத்தகத்தில் நாலு வார்த்தை. வாயில் 'வாட்டயூவான்ட்'. இதில் அதிசயம் என்ன இருக்கிறது? 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று நாம் யாராவது வீட்டில் சொல்கிறோமா? 'வந்துட்ருக்கேன்' என்கிறோம். புத்தகத்தில் தமிழ் படித்த ஒரு வெள்ளைக்காரரைக் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டால், அவரும் எல்லாவற்றுக்கும் 'ஆம் ஐயா' என்றுதான் சொல்வார். எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவாரோ, அது அவர் தலையெழுத்து!

* * *

இத்தனையும் தம்பியிடம் மொட்டை மாடியில் வைத்துச் சொன்னேன். பையன் உடனே நோட்டை மூடிவிட்டான். "அப்ப இந்தத் தொள்ளாயிரம் வார்த்தையும் வேஸ்ட்டாண்ணே?"

வேஸ்ட் இல்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. சார்ல்ஸ் ஆக்டன் என்று கேம்பிரிட்ஜில் படித்த ஒரு இங்கிலீஷ்காரர் 1930-ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றை வெளியிட்டார். அன்றாட விஷயம் எதையும் சொல்லிவிட 850 வார்த்தை போதும் என்பது அவர் கட்சி. அதில் வினைச்சொற்கள் எத்தனை தெரியுமா? பதினெட்டே பதினெட்டு! கம், கோ, கெட், கிவ், டேக், புட், மேக், கீப், லெட், டூ, ஸே, ஸீ, ஸென்ட் என்று எல்லாம் நமக்கு ஐந்தாம் கிளாஸிலேயே தெரிந்த சில்லறைகள். அந்தச் சில்லறையைப் பக்கத்தில் இருக்கும் குட்டி வார்த்தையோடு ஜோடி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். போஸ்ட்போன் செய்வதற்கு 'புட் ஆஃப்'. நெருப்பை அணைக்க 'புட் அவுட்'. பொறுத்துப்போக 'புட் அப் வித்'. கைவிட 'கிவ் அப்'. திரும்பி வர 'கம் பேக்'. பேச்சிலும் போனிலும் ஓடுவது பெரும்பாலும் இந்த ஜோடிகள்தான்.

"ஒரே 'புட்'டுக்கு இத்தனை அர்த்தமாண்ணே? குழப்புதே!"

"ஏன், 'போடு'வுக்கு எத்தனை அர்த்தம்? சட்டை போடறோம், காபி போடறோம், கோலம் போடறோம், கையெழுத்து போடறோம், சண்டை போடறோம், ஊரை ஏமாத்தி நாமமும் போடறோம். யாராவது நோட்டில எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணோமா? ஜோடியாக் கேட்டோம், ஜோடியா வந்துடுச்சு."

ஆக்டன் கேட்டது 850. நம் பையனிடம் இருப்பது 900. கையிருப்பில் குறையில்லை. 'பெர்ஸ்பிகேஷியஸ்' இரண்டாயிரம் ரூபாய் நோட்டு மாதிரி. கையில் இருந்தால் பெருமைதான். டீக்கடையில் மாற்றத்தான் முடியாது. (அந்த நோட்டும் 2023-ல் போய்ச் சேர்ந்துவிட்டது.)

நாமே சொந்தமாக அடித்த நாணயங்களும் உண்டு. மீட்டிங்கை முன்கூட்டி வைத்தால் 'ப்ரீபோன்' என்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம் பிடித்துவிட்ட வார்த்தை. ஆனால் லண்டன்காரரிடம் சொன்னால் புருவத்தை உயர்த்துவார். 'மூவ் அப்' என்றோ, 'பிரிங் ஃபார்வர்ட்' என்றோ சொன்னால் இறங்கிவிடும். 'காலேஜிலிருந்து பாஸ்டு அவுட்' என்று நாம் பெருமையாகச் சொன்னால், அமெரிக்காக்காரர் "ஐயோ பாவம், மயக்கம் போட்டு விழுந்துட்டியா?" என்று பதறுவார். 'ஐ ஹேவ் எ டௌட்' என்றால், நம்மைச் சந்தேகப்படுகிறானோ என்று முகம் சுண்டும். அங்கே அது 'ஐ ஹேவ் எ கொஸ்சின்'. இதெல்லாம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் செல்லும், அங்கே செல்லாது. அங்கே செல்லாதபோது அவர்கள் என்ன செய்வார்கள்? கூச்சமில்லாமல் "ஸாரி?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்கள். அதே 'ஸாரி?'யை நாம் கேட்டால் மட்டும் தலை போய்விடுமா?

ஆகவே தம்பிக்கு அந்த ஒரு வாரத்துக்குப் புது வார்த்தை கிடையாது என்று தடை போட்டேன். பதிலாக நாலே வாக்கியம்.

ஒன்று: "ஸாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்." கிரிக்கெட்டில் விடுகிறோமே, அதே கேட்ச்தான். வெறும் "வாட்?" வேண்டாம். அது அதட்டல்.

இரண்டு: "குட் யூ ஸே தட் எ லிட்டில் மோர் ஸ்லோலி?" பெரியவரின் 'ஸ்லோலி சார்' பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

மூன்று: "டூ யூ மீன் ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" ஒன் ஃபைவ் இடத்தில் எது சந்தேகமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். தேதியா, தொகையா, பேரா, எதுவானாலும்.

நாலு: "லெட் மீ ரிப்பீட் தட்." சொல்லிவிட்டு, புரிந்ததைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவது. தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். லாரி ஏறிய பிறகு திருத்துவதைவிட அது மலிவு.

தினம் காலையில் குடத்தோடு குடமாக உட்கார்ந்து, நான் வேண்டுமென்றே மெயில் டிரெயின் வேகத்தில் ஏதாவது கேட்பேன். பையன் முதல் இரண்டு நாள் பழக்க தோஷத்தில் "யெஸ் சார்" என்றான். ஒவ்வொரு யெஸ்ஸுக்கும் ஒரு குடம் தூக்க வேண்டும் என்று அபராதம் விதித்தேன். எட்டு குடம் தூக்கினான். (அந்த வாரம் எனக்கு முதுகு வலியே இல்லை.) மூன்றாம் நாள் கேட்டான் பாருங்கள், "ஸாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்" என்று! தண்ணீர் லாரிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

* * *

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து பேசுகிறான். ஒரே இரைச்சல்.

"என்னப்பா ஆச்சு?"

"எல்லாம் நல்லாத்தாண்ணே போச்சு. டாலி, ஜி.எஸ்.டி. எல்லாம் கேட்டாங்க, சொல்லிட்டேன். கடைசியா அந்த மேடம் ஃபைலை மூடிட்டு வேகமா என்னமோ கேட்டாங்க. 'வெங்கன்யூஜாயின்'னு காதுல விழுந்துச்சு. ஒண்ணும் புரியலை. வாயில யெஸ் வந்துருச்சுண்ணே... குடம் ஞாபகம் வந்து முழுங்கிட்டேன்."

"அப்புறம்?"

"ஸாரி மேம், ஐ டிடின்ட் கேட்ச் தட்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கலை. சிரிச்சுக்கிட்டே மெதுவா சொன்னாங்க. 'வென்... கேன்... யூ... ஜாயின்?'"

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. எப்போது வேலைக்குச் சேருகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள்! இரண்டு இன்டர்வியூ தோற்றவன் காதில் விழாமல் போக இருந்த கேள்வி அது. அதற்கு மட்டும் பழையபடி 'யெஸ் மேம்' என்று சொல்லித் தொலைத்திருந்தால்?

"நீ என்ன சொன்னே?"

"மண்டே மேம்னு சொன்னேன். உடனே அவங்க, 'ஸாரி? திஸ் மண்டே ஆர் நெக்ஸ்ட் மண்டே?'னு என்னைத் திருப்பிக் கேட்டாங்கண்ணே! அவ்ளோ பெரிய மேனேஜர்! அவங்களே கேட்கறாங்க!"

அவர்கள் கேட்பதால்தான் மேனேஜர் ஆனார்களோ என்னவோ. என் செயின் சமாசாரமும் சுபம்தான். ஆறு மாதம் தாமதமாக, கூடுதல் வட்டியோடு மீட்டுக்கொண்டு போய் அம்மா கையில் கொடுத்தேன். 'ஏன் லேட்டு' என்று அப்போதும் கேட்கவில்லை. இந்த வாரம் ஊருக்குப் போகும்போது நானாகவே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

போனில் பையன் இன்னும் ஏதோ உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தான். "அந்த மேடம் ரொம்ப..." என்று ஆரம்பித்து நீளமாக ஒரு வார்த்தை. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போயிற்று. பெர்ஸ்பி என்னமோ...

"ஸாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்!" என்றேன்.